போஸ்ட்கிரெஸில் ஊதிப்போன டேபிள்களும் செத்த வரிசைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"டேட்டா கொஞ்சம்தான் இருக்கு, டிஸ்க் மட்டும் ஏன் நிறையுது?" என்பதில் தொடங்கி, ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். கடைசிக் கேள்வியைத் தவிர எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பற்றியவை. பதிப்பைப் பொறுத்து மாறும் இடங்களில் பதிப்பு எண் உண்டு. வியூ, செட்டிங் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறோம், அடிக்கோடு உள்ள இடத்தில் அடிக்கோட்டோடு.

1. பத்து லட்சம் வரிசையை டெலீட் பண்ணிட்டேன். டிஸ்க்ல ஒரு எம்பி கூடக் குறையலையே, ஏன்?

டெலீட் எதையும் அழிப்பதில்லை. வரிசையின் தலைப்பகுதியில் எக்ஸ்மேக்ஸ் என்ற இடத்தில், அழித்த ட்ரான்சாக்ஷனின் எண்ணை எழுதிவைக்கிறது, அவ்வளவுதான். அந்த வரிசையைப் பார்க்க வேண்டிய பழைய ட்ரான்சாக்ஷன் ஏதாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதால், பைட்டுகள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். இனி யாருக்கும் தேவையில்லை என்று உறுதியானதும் வேக்யூம் (குப்பை கூட்டும் கமாண்ட்) வந்து அந்த இடத்தைக் காலி என்று குறித்துவைக்கும். காலியிடம் அதே டேபிளின் அடுத்த இன்ஸர்ட்டுக்கு உதவும். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் திரும்பிப் போகாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஃபைலின் வால்பகுதியில் இருக்கும் 8 கேபி பேஜ்கள் முழுக்கக் காலியாக இருந்தால் வேக்யூம் வாலை வெட்டிவிடும். அதற்குக் குறைந்தது 1,000 பேஜோ, டேபிளின் பதினாறில் ஒரு பங்கோ காலியாக இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் முழுப் பூட்டும் கிடைக்க வேண்டும். பழைய தேதி டேட்டாவை அழிக்கும்போது பெரும்பாலும் காலியாவது ஃபைலின் தலைப்பக்கம். வாலில் நேற்றைய டேட்டா உட்கார்ந்திருக்கும். அதனால் வெட்ட ஒன்றும் கிடைக்காது.

2. நான் டெலீட்டே பண்றதில்லை, அப்டேட் மட்டும்தான். அப்பவும் செத்த வரிசை வருமா?

வரும், இன்னும் அதிகமாகவே வரும். ஒவ்வொரு அப்டேட்டும் பழைய வரிசையைச் செத்ததாகக் குறித்துவிட்டுப் புதிய வரிசையை முழுதாக எழுதுகிறது. ஒரே ஒரு பூலியன் புலத்தை மாற்றினாலும் இதுதான் கதை. மதிப்பு மாறாமல் அதே மதிப்பை மறுபடி எழுதினாலும் இதேதான். சில ஓஆர்எம்கள் (நிரலுக்காக டேட்டாபேஸில் எழுதித்தரும் லைப்ரரிகள்) எல்லாப் புலங்களையும் சேர்த்து சேவ் செய்யும்போது நடப்பது இது. பாதியில் ரோல்பேக் ஆன இன்ஸர்ட்டுகளும் செத்த வரிசைகளே. பெரிய பல்க் லோடு நடுவில் தோற்றுப்போய் நான்கு முறை திரும்ப ஓடினால், டேபிளில் நான்கு லோடுக்கான குப்பை கிடக்கும்.

3. செத்த வரிசை, ப்ளோட் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. இந்தக் குழப்பம்தான் தவறான வைத்தியத்துக்கெல்லாம் காரணம். வேக்யூம் இன்னும் எடுக்காத குப்பை செத்த வரிசை. குப்பை எடுத்தபிறகும் ஃபைலுக்குள் தங்கிவிட்ட காலியிடம் ப்ளோட். முதலாவதற்கு வேக்யூம் மருந்து. இரண்டாவதற்கு வேக்யூமை நூறு முறை ஓட்டினாலும் ஃபைல் சுருங்காது; டேபிளைத் திரும்ப எழுதினால்தான் சுருங்கும்.

ஆகவே "செத்த வரிசை பூஜ்யம், டேபிள் மட்டும் 60 ஜிபி" என்பதில் முரண்பாடு ஏதும் இல்லை. என்றைக்கோ வேக்யூம் ஓடாமல் டேபிள் ஊதியது, பிறகு வேக்யூம் ஓடியது, ஊதிய பை அப்படியே நிற்கிறது.

4. டிஸ்க் 95 சதவீதம்னு அலர்ட் வந்துடுச்சு. முதல்ல எங்க பார்க்கணும்?

டேபிள்களைப் பார்க்கும் முன் டேட்டா டைரக்டரியின் உட்பிரிவுகளை அளந்து பாருங்கள். வளர்ந்திருப்பது பேஸ் என்ற டைரக்டரியா, பிஜி_வால் டைரக்டரியா (இங்கே வால் என்பது டபிள்யூஏஎல், ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே எழுதிவைக்கும் லாக்; முதல் கேள்வியில் வந்த ஃபைலின் வால்பகுதி அல்ல), லாக் ஃபைல்களா, பெரிய சார்ட்டுக்காக எழுதப்பட்ட தற்காலிக ஃபைல்களா? பிஜி_வால் ஊதியிருந்தால் அது ப்ளோட்டே அல்ல. பெரும்பாலும் யாரும் படிக்காத ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வர் எதுவரை படித்தது என்ற குறிப்பு) ஒன்று பழைய வாலைப் பிடித்து வைத்திருக்கும், அல்லது ஆர்க்கைவ் கமாண்ட் தோற்றுக்கொண்டிருக்கும். அங்குள்ள ஃபைல்களைக் கையால் அழிக்கவே கூடாது; அழித்தால் டேட்டாபேஸ் எழாமல் போகலாம். ஸ்லாட் தேவையில்லை என்றால் ஸ்லாட்டை நீக்குங்கள், வால் தானே குறையும்.

வளர்ந்தது பேஸ் என்றால் அடுத்து பிஜி_டோட்டல்_ரிலேஷன்_சைஸ் ஃபங்ஷனால் டேபிள்களை வரிசைப்படுத்தி முதல் பத்தை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்களைத் தனியாகப் பாருங்கள்: டேபிள் மட்டும், டோஸ்ட், இண்டெக்ஸ்கள். சுமார் 2 கேபியைத் தாண்டும் வரிசைகளில் உள்ள பெரிய மதிப்புகள் டோஸ்ட் என்ற தனி டேபிளில் சேமிக்கப்படுகின்றன. அதற்கும் தனியாகச் செத்த வரிசைகள் உண்டு. பெரிய ஜேசன் புலத்தில் ஒரே ஒரு கீயை மாற்றினாலும் மொத்த ஜேசனும் டோஸ்டில் புதிதாக எழுதப்படும். முதன்மை டேபிள் 2 ஜிபி, டோஸ்ட் 80 ஜிபி என்று இருப்பது இப்படித்தான்.

5. ஒரு டேபிள் எவ்வளவு ஊதியிருக்குன்னு சரியா எப்படிச் சொல்றது?

கணக்குப் போட்டே தோராயமாகச் சொல்லலாம். ஒரு பேஜ் 8,192 பைட். அதன் தலைப்பு 24 பைட் போக 8,168. ஒவ்வொரு வரிசைக்கும் தலைப்பகுதி 24 பைட், பேஜுக்குள் அதைச் சுட்டும் பாயிண்டர் 4 பைட். உங்கள் டேட்டா சராசரியாக 96 பைட் என்றால் ஒரு வரிசைக்கு மொத்தம் 124, ஒரு பேஜுக்கு 65 வரிசைகள். ஒரு கோடி வரிசைக்கு 1,53,847 பேஜ்கள், அதாவது ஏறக்குறைய 1.2 ஜிபி. ஃபைல் 6 ஜிபி காட்டினால் ஐந்தில் நான்கு பங்கு காற்று.

துல்லியம் வேண்டுமென்றால் பிஜிஸ்டாட்டப்பிள் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. டெட்_டப்பிள்_பெர்சென்ட் என்பது எடுக்காத குப்பை, ஃப்ரீ_பெர்சென்ட் என்பது காலியிடம். மூன்றாம் கேள்வியில் சொன்ன இரண்டையும் தனித்தனியே காட்டும். ஆனால் அது டேபிளை முழுதாகப் படிக்கும். 500 ஜிபி டேபிளில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஓட்டாதீர்கள். அதன் அப்ராக்ஸ் வடிவம் விசிபிலிட்டி மேப்பின் (எந்தப் பேஜில் செத்த வரிசை இல்லை என்ற குறிப்பு) உதவியால் பல பேஜ்களைத் தாண்டிப் போகும். பெரும்பாலான முடிவுகளுக்கு அதுவே போதும். இணையத்தில் சுற்றும் நீளமான ப்ளோட் க்வெரிகள் அனலைஸ் கமாண்ட் மாதிரி எடுத்துச் சேர்த்த புள்ளிவிவரத்தை வைத்து ஊகிப்பவை. எங்கே தோண்டுவது என்று காட்டும். அவற்றை மட்டும் நம்பி டேபிளைத் திரும்ப எழுத இறங்க வேண்டாம்.

6. பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ்ல என்_டெட்_டப் ரொம்பக் கம்மியாத்தான் காட்டுது. அப்ப பிரச்சினை இல்லைதானே?

அந்த எண் ஒரு மதிப்பீடு, எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல. சர்வர் க்ராஷ் ஆகியோ உடனடி ஷட்டவுனுக்குப் பிறகோ எழுந்தால் இந்தப் புள்ளிவிவரம் முழுக்க அழிந்து பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ரெப்ளிகாவுக்கு (நகல் சர்வர்) ஃபெயில்ஓவர் ஆனாலும் பழைய ப்ரைமரியின் (மூல சர்வர்) எண்ணிக்கை கூடவே வராது. பூஜ்யத்தை நம்பி, தானாகவே வேக்யூம் ஓட்டும் ஆட்டோவேக்யூமும் சும்மா இருக்கும். நிஜத்தில் டேபிளில் கோடிக்கணக்கில் குப்பை கிடக்கலாம்.

எனவே க்ராஷ் அல்லது ஃபெயில்ஓவருக்குப் பிறகு டேட்டாபேஸ் முழுக்க ஒரு அனலைஸ் ஓட்டுங்கள். அனலைஸ் எடுக்கும் மாதிரியில் செத்த வரிசைகளும் எண்ணப்படுவதால் அந்த எண் ஓரளவு நிஜத்துக்கு வந்துவிடும்.

7. ஆட்டோவேக்யூம் ஆன்லதான் இருக்கு. ஆனா என் பெரிய டேபிள் பக்கமே வரமாட்டேங்குதே?

அது வரவேண்டிய நேரம் இன்னும் ஆகவில்லை. சூத்திரம் இதுதான்: 50 கூட்டல் மொத்த வரிசையில் 20 சதவீதம். 1,000 வரிசை டேபிளுக்கு 250 செத்த வரிசை போதும். 4 கோடி வரிசை டேபிளுக்கு 80,00,050 சேரும்வரை அது திரும்பிப் பார்க்காது. பதிப்பு 18 இந்த எல்லைக்கு 10 கோடி என்று ஓர் உச்சவரம்பு வைத்தது, ஆனால் 4 கோடி டேபிளுக்கு அதனால் பயனில்லை.

சர்வர் முழுமைக்கும் மாற்றாமல் அந்த டேபிளுக்கு மட்டும் ஆல்டர் டேபிள் மூலம் ஆட்டோவேக்யூம்_வேக்யூம்_ஸ்கேல்_ஃபேக்டர் 0.01 என்று வையுங்கள். இப்போது 4 லட்சத்திலேயே வரும். அடிக்கடி வந்தால் ஒவ்வொரு முறையும் வேலை சிறியது. டோஸ்ட் டேபிளுக்குத் தனி வரம்பு வேண்டுமென்றால் அதே செட்டிங் பெயருக்கு முன்னால் டோஸ்ட் என்று போட்டு ஒரு புள்ளி வைத்துக் கொடுக்க வேண்டும்.

வந்தும் முடிக்காமல் போகும் இன்னொரு வகை உண்டு. வேக்யூம் பிடிக்கும் பூட்டுக்கு முரணான பூட்டை யாராவது கேட்டால், சுமார் ஒரு நொடியில் ஆட்டோவேக்யூம் தன்னை ரத்து செய்துகொண்டு வழிவிடும். ஆல்டர் டேபிள், சாதாரண க்ரியேட் இண்டெக்ஸ், கையால் போடும் லாக் டேபிள் ஆகியவை இப்படிப்பட்டவை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இதில் ஒன்றைச் செய்யும் ஜாப் இருந்தால், அரைமணி நேரம் தேவைப்படும் வேக்யூம் ஒருநாளும் முடியாது. லாகில் "கேன்சலிங் ஆட்டோவேக்யூம் டாஸ்க்" என்று வரும் வரிகளைத் தேடுங்கள்.

8. வேக்யூம் ஓடுது, எரர் இல்லாம முடியுது, ஆனா செத்த வரிசை அப்படியே இருக்கு. என்னதான் பண்றது?

ஆட்டோவேக்யூம் செட்டிங்கைத் தொடாதீர்கள்; அதன்மேல் தப்பில்லை. வேக்யூமை வெர்போஸ் வைத்து ஓட்டினால் டப்பிள்ஸ் என்று தொடங்கும் வரியில் மூன்று எண்கள் வரும். உதாரணமாக, நீக்கப்பட்டவை 0, மீதம் 2,00,00,000, செத்தும் இன்னும் நீக்க முடியாதவை 80,00,000. மூன்றாவது எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. குப்பை கண்ணுக்குத் தெரிகிறது, எடுக்க அனுமதி இல்லை. பதிப்பு 15 முதல் அதற்குக் கீழேயே, எந்த ட்ரான்சாக்ஷன் எண்வரை நீக்கலாம், அது எத்தனை எண்கள் பழையது என்றும் எழுதும். அந்தப் பழமை கோடிக்கணக்கில் இருந்தால் யாரோ எல்லைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆள் யார் என்று நான்கு இடங்களில் தேட வேண்டும். முதலில் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி: பேக்எண்ட்_எக்ஸ்மின் (செஷனுக்கு இன்னும் தேவைப்படும் மிகப் பழைய ட்ரான்சாக்ஷன் எண்), பேக்எண்ட்_எக்ஸ்ஐடி (அதன் சொந்த ட்ரான்சாக்ஷன் எண்) இரண்டின் வயதையும் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் தப்பித்துவிடும். வழக்கமான ரீட் கமிட்டட் நிலையில், எதையோ எழுதிவிட்டு கமிட் செய்யாமல் சும்மா இருக்கும் செஷனுக்கு எக்ஸ்மின் காலியாக இருக்கும், எக்ஸ்ஐடி மட்டும் இருக்கும். மணிக்கணக்கில் ஓடும் பிஜி_டம்ப்பும் இங்கேதான் அகப்படும். அடுத்து பிஜி_ப்ரிப்பேர்ட்_எக்ஸாக்ட்ஸ். டூ ஃபேஸ் கமிட்டில் (முதலில் தயார் செய்து, பிறகு உறுதிசெய்யும் முறை) அநாதையாக விடப்பட்டவை இங்கே கிடக்கும்; இவை சர்வரை ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது. மூன்றாவது பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸில் எக்ஸ்மின். லாஜிக்கல் ஸ்லாட்டில் நிரம்பியிருப்பது பெரும்பாலும் கேட்டலாக்_எக்ஸ்மின் மட்டும். அது சிஸ்டம் கேட்டலாக் டேபிள்களை ஊதவைக்கும், உங்கள் ஆர்டர் டேபிளை அல்ல. நான்காவது பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷனில் பேக்எண்ட்_எக்ஸ்மின்: ஸ்லாட் இல்லாமல் ஹாட்_ஸ்டாண்ட்பை_ஃபீட்பேக் போட்டிருக்கும் ரெப்ளிகா இங்கே தெரியும்.

சும்மா இருக்கும் செஷனுக்கு பிஜி_கேன்சல்_பேக்எண்ட் வேலை செய்யாது, ரத்து செய்ய அங்கே ஓடும் க்வெரி இல்லை. பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் வேண்டும். ப்ரிப்பேர்ட் என்றால் ரோல்பேக் ப்ரிப்பேர்ட். பிடி விட்டதும் அடுத்த வேக்யூம் எண்பது லட்சத்தையும் எடுத்துவிடும். திரும்ப வராமல் இருக்க ஐடில்_இன்_ட்ரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட்டுக்கு ஒரு மதிப்பு கொடுங்கள். இயல்பில் அது பூஜ்யம், அதாவது வரம்பே இல்லை.

9. ரிப்போர்ட் எல்லாம் ரெப்ளிகாலதான் ஓட்டுறோம். அது எப்படி ப்ரைமரியை ஊத வைக்கும்?

ஹாட்_ஸ்டாண்ட்பை_ஃபீட்பேக் ஆன் என்றால், ரெப்ளிகாவில் ஓடும் மிகப் பழைய க்வெரியின் எல்லைக்கோடு ப்ரைமரிக்குச் சொல்லப்படும். ப்ரைமரி அதுவரை குப்பையை வைத்துக்கொள்ளும். ஆஃப் செய்தால் ப்ரைமரி தப்பிக்கும், ரெப்ளிகாவில் நீண்ட ரிப்போர்ட்டுகள் "ரெக்கவரியுடன் முரண்பாடு" என்று அறுந்து விழும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஆறு மணி நேர ரிப்போர்ட்டுக்குத் தனி ரெப்ளிகா வைத்து, அதில் ஃபீட்பேக்கை ஆஃப் செய்து, மேக்ஸ்_ஸ்டாண்ட்பை_ஸ்ட்ரீமிங்_டிலேயைக் கூட்டிவிடுவது நல்லது. அந்த ஒரு ரெப்ளிகா பின்தங்கும், பரவாயில்லை.

10. ஆட்டோவேக்யூம் வொர்க்கரை 3ல இருந்து 10 ஆக்கினேன். ஒண்ணும் வேகம் கூடலையே?

கூடாது. காஸ்ட் லிமிட் என்ற ஒரே பட்ஜெட்டை ஓடும் வொர்க்கர்கள் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். ஒரு குழாய் தண்ணீருக்கு மூன்று குடம் வைத்த இடத்தில் பத்துக் குடம் வைத்த கதை. இயல்பான லிமிட் 200 புள்ளி. பதிப்பு 12 முதல் ஒவ்வொரு 200க்கும் 2 மில்லிசெகண்ட் தூக்கம். ஒரு பேஜை அழுக்காக்க 20 புள்ளி. அதிகபட்சம் நொடிக்கு 1,00,000 புள்ளி, அதாவது 5,000 பேஜ், சுமார் 39 எம்பி. 11ம் அதற்கு முந்தையவையும் 20 மில்லிசெகண்ட் தூங்கும். நொடிக்கு 4 எம்பிதான். எஸ்எஸ்டி உள்ள சர்வரில் இந்த லிமிட்டை 1,000 அல்லது 2,000 ஆக்குவதே வழி. டேபிள்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் மட்டும் அதன்பிறகு வொர்க்கரைக் கூட்டுங்கள்.

11. ஒரே டேபிள்ல வேக்யூம் மணிக்கணக்கா ஓடுது. மாட்டிக்கிச்சா?

பிஜி_ஸ்டாட்_ப்ராக்ரஸ்_வேக்யூமில் இண்டெக்ஸ்_வேக்யூம்_கவுண்ட்டைப் பாருங்கள். 1க்கு மேல் இருந்தால் மெமரி போதவில்லை. பதிப்பு 16 வரை ஒவ்வொரு செத்த வரிசையின் முகவரிக்கும் 6 பைட். இயல்பான 64 எம்பியில் ஒரு கோடியே 11 லட்சம் அடங்கும். அது நிறைந்ததும் எல்லா இண்டெக்ஸையும் முழுக்கப் படித்துச் சுத்தம் செய்துவிட்டு, மறுபடி டேபிளுக்கு வரும். 12 இண்டெக்ஸ், 5 சுற்று என்றால் 60 முழு ஸ்கேன். மெயின்டெனன்ஸ்_வொர்க்_மெமை 1 ஜிபி ஆக்கினால் பெரும்பாலும் ஒரே சுற்றில் முடியும். பதிப்பு 17 இந்த முகவரிப் பட்டியலை மிகக் குறைந்த மெமரியில் அடக்கியதால் அங்கே இந்தத் தொல்லை அரிது.

12. டேபிள் சரியா இருக்கு, இண்டெக்ஸ் மட்டும் டேபிளைவிடப் பெருசா இருக்கே?

பி-ட்ரீ இண்டெக்ஸில் பாதி காலியான இரண்டு பேஜ்கள் ஒன்றாகச் சேர்வதில்லை. முழுக்கக் காலியான பேஜ்தான் மறுபயன்பாட்டுக்கு வரும். அங்கொன்றும் இங்கொன்றுமாக அழித்தால் ஒவ்வொரு பேஜிலும் நாலைந்து உயிர்கள் மிஞ்சி இடத்தை அடைத்துக்கொள்ளும். பிஜிஸ்டாட்இண்டெக்ஸ் தரும் ஆவரேஜ்_லீஃப்_டென்சிட்டி புது இண்டெக்ஸில் 90ஐ ஒட்டி இருக்கும். 30, 40 என்று இறங்கியிருந்தால் திரும்பக் கட்டலாம்.

பதிப்பு 12 முதல் ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லி உண்டு, எழுதுவதை நிறுத்தாது. நடுவில் தோற்றால் பெயரின் முடிவில் சிசிநியூ என்று ஒட்டிக்கொண்ட செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும். யாரும் படிக்காவிட்டாலும் அதற்கும் இடம் போகும், ஒவ்வொரு இன்ஸர்ட்டும் அதற்கும் எழுதலாம். பிஜி_இண்டெக்ஸில் இண்டிஸ்வேலிட் பொய் என்றிருப்பவற்றைத் தேடி ட்ராப் செய்யுங்கள்.

13. அப்டேட்டைக் குறைக்க முடியாது. ஊதறதையாவது குறைக்க வழி இருக்கா?

இருக்கிறது, ஹாட் அப்டேட். மாறும் புலம் எந்த இண்டெக்ஸிலும் இல்லாமல், அதே பேஜில் இடமும் இருந்தால், புது வரிசை இண்டெக்ஸைத் தொடாமல் அங்கேயே எழுதப்படும். அந்தக் குப்பையை அடுத்து அந்தப் பேஜைத் தொடுபவரே வேக்யூமுக்குக் காத்திராமல் கூட்டிவிடுவார். என்_டப்_ஹாட்_அப்ட்டை என்_டப்_அப்ட்டால் வகுத்துப் பாருங்கள். விகிதம் குறைவாக இருந்தால் முதல் சந்தேகம் அப்டேட்டட்_அட் போன்ற புலத்தின் மேல் யாரோ போட்ட இண்டெக்ஸ். அது இல்லையென்றால் இடப் பற்றாக்குறை: டேபிளின் ஃபில்ஃபேக்டர் இயல்பில் 100, அதை 80 அல்லது 85 ஆக்குங்கள். மாற்றம் புதிதாக எழுதப்படும் பேஜ்களுக்கே பொருந்தும்.

14. பேசாம வேக்யூம் ஃபுல் போட்டுட்டா என்ன?

போடும் முன் மூன்றைக் கணக்கிடுங்கள். ஓடும் நேரம் முழுக்க செலக்ட் உட்பட யாரும் டேபிளைத் தொட முடியாது. புது நகலுக்கும் புது இண்டெக்ஸ்களுக்கும் டிஸ்க்கில் கூடுதல் இடம் வேண்டும்; நிறைந்த டிஸ்க்கில் இது பாதியில் செத்துவிடும். புது நகல் முழுக்க வாலிலும் எழுதப்படும், ரெப்ளிகா பின்தங்கும். எட்டாம் கேள்வியின் எல்லைக்கோட்டுப் பிரச்சினை தீராமல் போட்டால், நீக்க முடியாத செத்த வரிசைகளையும் சேர்த்தே புது ஃபைலில் அழகாக எழுதி வைக்கும்.

நிறுத்த முடியாத டேபிளுக்கு பிஜி_ரீபேக். ப்ரைமரி கீ அல்லது காலி மதிப்பு இல்லாத யூனிக் கீ வேண்டும். டேபிளும் இண்டெக்ஸும் சேர்ந்த அளவுபோல இருமடங்கு இடம் கையில் இருக்கட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது நேரம் முழுப் பூட்டு கேட்கும். கிடைக்காவிட்டால், இயல்பாக 60 நொடிக்குப் பிறகு குறுக்கே நிற்கும் க்வெரிகளை அதுவே ரத்து செய்யும். அது வேண்டாமென்றால் நோ-கில்-பேக்எண்ட் என்ற ஆப்ஷனைக் கொடுத்து ஓட்டுங்கள்.

15. ஒரு ஃபீல்டை ட்ராப் பண்ணினா இடம் கிடைக்குமா?

உடனே கிடைக்காது. புலம் மறைக்கப்படும், பைட்டுகள் இருக்கும். வரிசை அப்டேட் ஆகும்போதோ டேபிள் திரும்ப எழுதப்படும்போதோதான் போகும்.

16. "டு ப்ரிவென்ட் ராப்அரவுண்ட்"னு ஒரு வேக்யூம் ஓடுது, டிஸ்க்கைத் தின்னுது. கில் பண்ணலாமா?

வேண்டாம். ட்ரான்சாக்ஷன் எண்கள் தீர்ந்து முதலிலிருந்து சுற்றிவருவதுதான் ராப்அரவுண்ட்; அதைத் தடுக்க, டேபிளின் வயது 20 கோடி ட்ரான்சாக்ஷனைத் தாண்டியதால் வந்தது இது. ஏழாம் கேள்வியில் சொன்னபடி வழிவிடும் வகையும் அல்ல. கொன்றால் அடுத்த நிமிடமே திரும்பி வரும். கெடு 200 கோடிக்குச் சற்று மேல் என்பதால் 20 கோடியில் பதற்றம் தேவையில்லை, ஓட விடுங்கள். வயது குறையாமல் ஏறிக்கொண்டே போனால் மட்டும் எட்டாம் கேள்வியின் நான்கு இடங்களைப் பாருங்கள். பதிப்பு 14 முதல், மீதம் 30 லட்சம் எண்கள் இருக்கும்போது டேட்டாபேஸ் புதிதாக எழுதுவதை மறுத்துவிடும்.

17. எவ்வளவு ப்ளோட் இருந்தா சகஜம்?

அடிக்கடி அப்டேட் ஆகும் டேபிளில் 20, 30 சதவீதம் காலியிடம் இருப்பது நல்லதுதான். அடுத்த அப்டேட் அங்கேதான் உட்காரும். அதைப் பிழிந்து எடுத்தால் ஒரு வாரத்தில் திரும்ப அதே அளவுக்கு வளரும். வாரந்தோறும் பிஜி_ரீபேக் ஓட்டும் க்ரான் ஜாப் இருக்கிறது என்றால், ஏழாம் அல்லது எட்டாம் கேள்வியில் ஏதோ ஒன்று இன்னும் தீரவில்லை என்று பொருள்.

50 சதவீதத்துக்கு மேல் போய், பல ஜிபி கணக்கில் இருந்து, அந்த இடம் திரும்பப் பயன்படாது என்றும் தெரிந்தால் திரும்ப எழுதலாம். மாதாமாதம் பழையதைக் கழிக்கும் டேபிள் என்றால் தேதிவாரியாகப் பார்ட்டிஷன் போடுங்கள். பழைய மாதத்தை ட்ராப் செய்தால் செத்த வரிசை ஒன்றுகூட உருவாகாது, ஃபைல் அப்படியே போய்விடும்.

18. மைஎஸ்க்யூஎல்லயும் இதே கதைதானா?

மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி எஞ்சின் வரிசையின் பழைய வடிவத்தை டேபிளில் வைக்காமல் அன்டூ லாகில் வைக்கிறது. பர்ஜ் த்ரெட் அதைச் சுத்தம் செய்யும். நீண்ட ட்ரான்சாக்ஷன் அங்கும் வில்லன்தான். இன்னோடிபி ஸ்டேட்டஸில் ஹிஸ்டரி லிஸ்ட் லெங்த் ஏறிக்கொண்டே போவது அதன் அறிகுறி. பெரிய டெலீட்டுக்குப் பிறகு ஃபைல் சுருங்காததும் அதேபோல. அங்கே ஆப்டிமைஸ் டேபிள் போட வேண்டும்.